கோரைக்கு வாங்கிய மருந்து



எங்கள் மதரஸாவின் முன்றிலில் இரண்டு சென்ட் அளவில் ஒரு புல்வெளி உண்டு. அருகம்புல்தான்; விலை கொடுத்து வாங்கியதன்று. அஸ்ருக்குப் பின் சிறுவர்கள் வெறுங்காலுடன் அதில் ஓடியாடுவர். சென்ற ஐப்பசி மழைக்குப் பின் அப்புல்லுக்குள் கோரை புகுந்துகொண்டது. நல்லெண்ணம் கொண்ட அன்பர் ஒருவர் தாமே முன்வந்து, ஒரு கடையில் களைக்கொல்லியைச் சில்லறையாக வாங்கி வந்தார். அது குளிர்பானப் பாட்டிலில் இருந்தது. பெயருமில்லை, லேபிலுமில்லை. பாட்டிலின் மூடியாலேயே அளந்து ஊற்றித் தெளித்தார். பதினைந்து நாளில் கோரை மஞ்சளித்தது. அருகும் உடன் கருகியது. ஒன்றரை மாதத்தில் கோரை மட்டும் மீண்டும் தலைதூக்கிற்று!

புல் போனது பெரிதன்று. மீந்த மருந்து தேநீர்க் குவளைகள் வைக்கும் அலமாரியில் இருந்தது. எட்டு வயது மாணவன் ஒருவன் தாகத்தோடு அதன் மூடியைத் திருகிக்கொண்டிருந்த வேளையில், சமையல் செய்யும் அம்மா கண்டு பிடுங்கிவிட்டார். அல்ஹம்துலில்லாஹ். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இலக்கியம் படித்தவன் நான். இரசாயனம் எனக்குத் தூரம். ஆயினும் அதன் பின் வேளாண்துறையினரைக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை உங்கள் முன் வைக்கிறேன். வீட்டு முன்றிலில் புல் வளர்ப்போர் நம்மில் இன்று பெருகிவிட்டனர் அன்றோ?

களைக்கொல்லிகள் எல்லாம் ஒரே குணமுடையவை அல்ல. கிளைபோசேட் பச்சையாக உள்ள எதையும் அழிக்கும். களையென்றும் அருகென்றும் அதற்கு வேற்றுமை தெரியாது. எங்கள் முன்றிலில் விழுந்தது அதுவாகவே இருக்கும் என்பது என் ஊகம். நம் நாட்டில் 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு பிறப்பித்த ஆணை, உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர் வாயிலாகவன்றி எவரும் அதனைப் பயன்படுத்தலாகாது என்றது. 2,4-டி என்பது வேறு வகை. நெருஞ்சி, மூக்கிரட்டை போன்ற அகன்ற இலைக் களைகளை வாட்டிப் புல்லினத்தைப் பெரிதும் விட்டுவைக்கும். ஆனால் கோரையை அதனால் வேரோடு ஒழிக்க இயலாது. கோரை புல்லும் அன்று, அகன்ற இலைச் செடியும் அன்று. மண்ணுக்குள் கிழங்கு கிழங்காகச் சங்கிலி கோத்து வாழும் தனி இனம். மேலே தாள் கருகினாலும் உறங்கிக் கிடக்கும் கிழங்கு பின்னர் முளைக்கும். ஆகவே களை இன்னதென்று அறியாமல் மருந்துக் கடைப் படியை மிதிக்காதீர்கள். களையை வேருடன் பிடுங்கி எடுத்துச் சென்று வேளாண் அலுவலரிடம் காட்டுங்கள். மருந்தின் லேபிலில் உங்கள் தேவை குறிக்கப்பட்டுள்ளதா என்றும் கேளுங்கள்.

அளவில்தான் பலர் தவறுகின்றனர். ‘கொஞ்சம் கூட ஊற்றினால் சீக்கிரம் சாகும்’ என்பது பெரும்பிழை. அளவு மிஞ்சினால் இலை உடனே கருகிவிடும். கருகிய இலை மருந்தை வேருக்கு அனுப்பாது. கணக்கு எளிது. ஏக்கருக்கு நூறு சென்ட். லேபிலில் ஏக்கருக்கு 500 மி.லி. மருந்து, 200 லிட்டர் நீர் என்றிருப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு சென்ட்டுக்கு 5 மி.லி. மருந்து, 2 லிட்டர் நீர். முதலில் வெறும் நீரை நிரப்பி ஒரு சென்ட்டில் தெளித்துப் பாருங்கள்; எத்தனை லிட்டர் செலவாகிறதென்று நம் நடையின் வேகமே காட்டிக்கொடுக்கும். மருந்தைக் கோடிட்ட அளவுக் குவளையால் அளக்க வேண்டும். அக்குவளை பின்னர் அடுப்படிக்குத் திரும்பலாகாது. கலங்கல் நீரும் வேண்டாம். சில மருந்துகள் சேற்றில் ஒட்டிக்கொண்டு வலுவிழந்துவிடும்.

களை இளமையாய்த் தழைத்திருக்கும்போது, பனி உலர்ந்த காலையில், காற்று அடங்கிய வேளையில் தெளிப்பது நலம். வறட்சியில் வாடிய களை மருந்தை ஏற்காது. தெளிப்பதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் புல்லை வெட்ட வேண்டாம். மழைக் குறி இருந்தால் ஒத்திவையுங்கள். 2,4-டியின் சாரல் அண்டை வீட்டுத் தக்காளியையும் ரோஜாவையும் சுருட்டிவிடும். அதன் ஒரு வகை கடும் வெயிலில் ஆவியாகியும் பரவும். அண்டை வீட்டாரின் மனக்கசப்புக்கு எந்தக் கடையிலும் மருந்தில்லை. களைக்கொல்லி தெளித்த தெளிப்பானைக் காய்கறிச் செடிக்கு எடுக்கவே கூடாது.

தெளிப்பவர் முழுக்கைச் சட்டை, இரப்பர் கையுறை, காலணி, கண்ணாடி, முகக்கவசம் அணிய வேண்டும். லுங்கியும் வெறுங்காலுமாகத் தெளிப்பது நம்மவர் வழக்கம். அதை இன்றே விடுங்கள். பணி முடிந்ததும் குளித்து, அவ்வுடைகளைத் தனியே துவையுங்கள். புல் நன்கு உலரும்வரை பிள்ளைகளை அங்கே விடாதீர்கள். லேபில் அதிக காலம் சொன்னால் அதுவே கணக்கு. வெட்டிய புல்லைக் குர்பானி ஆட்டுக்குப் போடுவோர் உண்டு. மருந்து பட்ட புல்லை அவ்வாறு போடலாகாது. தெளிப்பானைக் கழுவிய நீரைக் கிணற்றங்கரையிலோ ஹவுளின் அருகிலோ கொட்டாமல், தெளித்த இடத்திலேயே தெளித்துவிடுங்கள்.

பாட்டிலில் அச்சிட்ட சாய்சதுரத்தின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு கொடிய நஞ்சு. அடுத்து மஞ்சள், பின் நீலம், கடைசியில் பச்சை. பச்சையும் நஞ்சே. மஞ்சள் குறியுடைய பாராகுவாட் ஒரு வாய் உள்ளே போனாலும் உயிரைப் பறிக்கக்கூடும். அதற்கு இன்றளவும் முறிமருந்து இல்லை. அதனை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். லேபிலின்றி மருந்து விற்பது 1968 ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படிக் குற்றம். வாங்குவோர் கேட்காததால்தான் விற்போர் துணிகின்றனர். யாரேனும் அருந்திவிட்டால் வாந்தியெடுக்க வைக்காமல், மருந்துப் பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். கண்ணில் பட்டால் கால் மணி நேரம் நல்ல நீரால் கழுவிக்கொண்டே இருங்கள்.

எங்கள் முன்றிலில் இப்போது மருந்து ஏதுமில்லை. மழை பெய்து மண் இளகிய நாட்களில் நானும் பெரிய மாணவர்கள் சிலரும் களைக்கொத்தியால் கோரையைக் கிழங்கோடு தோண்டுகிறோம். இரண்டு சென்ட்டுக்கு அது போதும். அருகின் தண்டுகளை நட்டதில் முக்கால் பங்கு பசுமையாகிவிட்டது. பாத்திரம் கழுவும் நீர் ஓடும் மூலையில் மட்டும் கோரை இன்னும் விட்டபாடில்லை.