ரியூப்பில் குந்திக்கொண்டு கொத்து எறியிறது

முதலில் ஒரு விளக்கம். நாங்கள் சொல்லப்போற கொத்து, இரவுக்கடையில் தகரத்தில் அடிச்சுப் போடுற கொத்து ரொட்டி இல்லை. நாலைந்து தூண்டில் முள்ளை முதுகோடு முதுகு சேர்த்து, செப்புக் கம்பியால் இறுக்கிக் கட்டி, தண்டில் ஈயம் உருக்கி வார்த்து, மேலே செருப்பு றப்பர் துண்டையோ பிஸ்கற் பக்கற்றின் வெள்ளித்தாளையோ சுற்றிவிட்டால் அதுதான் எங்கட கொத்து. தங்கூசியில் கட்டி எறிந்து இழுக்க வேண்டியதுதான். ரியூப் என்பது லொறிச் சில்லின் உள் ரியூப். நடுவில் உரப்பையைக் குறுக்கே கட்டி, அதில் குந்தி, கையிரண்டாலும் தண்ணீரை வலித்துக்கொண்டு குளத்துக்குள் போகலாம். ரெண்டுக்கும் சேர்த்துச் செலவு, ஒரு நல்ல தூண்டில் தடியின் விலையில் கால்வாசியும் வராது.

இந்த ரெண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு எத்தனை வருசம் கெளுத்தி பிடித்தோம் என்று நினைத்தால் இப்ப சிரிப்பும் வருது, பயமும் வருது. காற்று அடைச்ச றப்பர் பையில் இருந்துகொண்டு நாலு பக்கமும் முள் நிற்கிற ஒரு சாமானைத் தலைக்கு மேலால் சுழற்றி எறிகிறோம்! கலைப்பீடத்தில் தர்க்கம் ஒரு பாடமாகப் படித்தவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள்.

போன மார்கழி விடுமுறையில் தின்னவேலி போடிங்கை விட்டு ஊருக்கு வந்திருந்தோம். குளம் நிறைந்து வான் பாய்ந்து ஓய்ந்திருந்த நேரம். இரவு எட்டு எட்டரை இருக்கும், மூன்று ரியூப்பில் மூன்று பேர். எங்களில் ஒருத்தன் இழுத்த கொத்து பட்ட மரக்கட்டை ஒன்றில் சிக்கியது. வெட்டி இழுத்தான். கட்டையை விட்ட கொத்து நேராக வந்து ஒரு முள் அவன்ர உள்ளங்கையிலும் இன்னொன்று ரியூப்பிலும் ஏறிவிட்டது. கையும் ரியூப்பும் ஒன்றாகத் தைபட்ட மாதிரி. உஸ்ஸென்று காற்றுப் போற சத்தம் அந்த இருட்டில் எவ்வளவு பெரிதாகக் கேட்டது என்று எழுத ஏலாது. குளக்கட்டு அறுபது எழுபது மீற்றர் தூரம். மற்ற ரெண்டு ரியூப்பையும் அவன்ர ரெண்டு பக்கமும் அணைச்சுப் பிடித்து, கைகளைக் கோர்த்துக்கொண்டு, காலால் உதைந்து உதைந்து கரைக்கு வந்தோம். முதலையை அந்த நேரம் ஒருத்தரும் வாயால் சொல்லவில்லை. கரைக்கு வந்த பிறகுதான் அவன் அழுதான். முள்ளை எடுத்தது ஆசுபத்திரியில். வீட்டுக்குச் சொன்னது சைக்கிளில் விழுந்த கதை. அதை அம்மா இன்னும் நம்பவில்லை.

இந்தக் கதையை ஊரில் சொன்னால் உடனே வருகிற தீர்ப்பு ஒன்றுதான்: "உந்த ரியூப்புகளை முதல்ல வெட்டி எறிய வேணும்." சங்கத்து ஐயாமார் சொல்வார்கள், உத்தியோகத்தர் சொல்வார்கள், குளத்தில் ஒருநாளும் கால் நனைக்காதவர்கள் முகநூலில் எழுதுவார்கள். நாங்கள் இதை ஒத்துக்கொள்ளவில்லை. விட வேண்டியது ரியூப்பை இல்லை, கொத்தை.

ரியூப்பில் போறது யார்? வள்ளம் இல்லாதவன். சங்க அட்டை அப்பாவின் பெயரில் இருக்க, அப்பா இல்லாமல் போனவன். காலபோகத்துக்கும் சிறுபோகத்துக்கும் நடுவில் கூலி வேலை கிடைக்காதவன். 2022இல் மண்ணெண்ணெய் இல்லாமல் கடல் தொழில் படுத்தபோது எங்கட பக்கத்தில் பல வீடுகளில் கறிச்சட்டி குளத்து மீனால்தான் நிறைந்தது. அந்த மீனில் ஒரு பங்கு ரியூப்பில் வந்தது. நெக்டா, அதாவது தேசிய நீர்வாழ் உயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகார சபை, 1998இல் சட்டத்தால் உருவானபோது வன்னியில் சண்டை நடந்துகொண்டிருந்தது. குளத்து மீன்பிடியை ஒரு தொழிலாக ஒழுங்குபடுத்துகிற வேலைகள் தெற்கில் எப்பவோ தொடங்கியவை. எங்கட பக்கத்துக்கு அவை வந்துசேர 2009ஐத் தாண்ட வேண்டியிருந்தது. அதுவரைக்கும் குளத்தை அறிந்தது ரியூப்பும் தூண்டிலும் பறியும்தான். வந்து சேர்ந்த ஒழுங்குக்குள் ரியூப் பெடியளுக்கு இடம் இல்லை என்றால் அது பெடியளின் பிழை மட்டும் இல்லை.

வெளிநாட்டிலும் ரியூப்பில் மீன் பிடிக்கிறார்கள். யூரியூப்பில் பார்க்காத ஆள் இல்லை. ஆனால் அவர்களின் மிதவையில் காற்று ஒரே பையில் இருக்காது. ஒன்றில் காற்றுப் போனாலும் மற்றது ஆளைத் தாங்கும். காலில் துடுப்புச் செருப்பு, உடம்பில் உயிர்காப்பு அங்கி. நாங்கள் அதில் பார்த்துப் பழகியது எறிகிற ஸ்ரைலை மட்டும்தான். லொறி ரியூப்பின் பின்பக்கம் மூடி இறுகின ஐந்து லீற்றர் கான் ரெண்டைக் கட்டினாலே பாதி வேலை முடிந்தது. இதற்கு வெளிநாட்டுக்கு எழுதத் தேவையில்லை.

இனிக் கொத்துக்கு வருவோம். கெளுத்தி பிடிக்கக் கொத்துத் தேவையே இல்லை. கெளுத்தி, சுங்கான், வாளை எல்லாம் மீசைக்காரர். மீசையால் தொட்டும் மணந்தும் ருசித்தும் இரை தேடுகிறவை. மழை வெள்ளம் கலங்கி வருகிற தண்ணீரில் வெள்ளித்தாள் மினுங்கினால் யார் பார்க்கப் போறது? ஒரே ஒரு முள்ளில் கோழிக்குடலைக் கோர்த்து அடியில் விட்டால் கெளுத்தி தானாக வந்து விழுங்கும். அப்படியென்றால் கொத்து எதற்கு? உண்மையைச் சொல்லுவோம். மீன் கொத்த வேண்டும் என்பதற்காக நாங்கள் கொத்து எறியவில்லை. வானுக்குக் கீழே, துருசு வாயில், மீன் நெருக்கியடித்து நிற்கிற இடத்தில் வாரி இழுக்கத்தான் எறிகிறோம். வயிற்றில், செட்டையில், கண்ணில், எங்கே பட்டாலும் சரி. கரைக்கு வருகிற ஒன்றுக்குக் கிழிந்து கொண்டு போகிறவை எத்தனை என்று ஒருத்தரும் எண்ணுவதில்லை. அடுத்த நாள் காலமை வெள்ளை வயிறு காட்டி மிதக்கிறவையை நாங்களே பார்த்திருக்கிறோம். "வருத்தம் வந்த மீன்" என்று சொல்லிப்போட்டு வந்திருக்கிறோம்.

அந்த இடத்துக்கு அந்த மீன்கள் ஏன் வருகின்றன என்பதுதான் இதில் பெரிய விசயம். மாரி மழைக்கு ஆறு பெருகும்போது புதுத் தண்ணீரை எதிர்த்து ஏறி முட்டை போட வருகின்றன. இரணைமடுவுக்குக் கனகராயன் ஆறும் வவுனிக்குளத்துக்குப் பாலியாறும் தண்ணீர் கொண்டு வருகிற அதே கிழமைகளில்தான் எங்கட கொத்துகளும் வெளியே வருகின்றன. சினைக் கெளுத்தி என்றால் சந்தையில் விலையும் கூட. வாளையின் கதை இன்னும் மோசம். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் அது அழிவுக்கு உள்ளாகக்கூடிய இனம். எங்கட மாமா ஒருவர் தன்ர பெடிப் பருவத்தில் ஆள் உயர வாளை பிடித்த கதை சொல்லுவார். அதில் பாதியைக் கழித்தாலும், நாங்கள் முழங்கை நீளத்துக்கு மேல் ஒன்றைக் கண்டு வருசங்கள் ஆகிவிட்டன.

குளத்துக்கு வருசா வருசம் மீன்குஞ்சு விடுகிறார்கள்தானே என்று கேட்கலாம். விடுவது கட்லா, ரோகு, திலாப்பியா, நன்னீர் இறால். கெளுத்திக்கும் வாளைக்கும் ஒருத்தரும் குஞ்சு விடுவதில்லை. அவை தாங்களாகப் பெருகினால்தான் உண்டு. சங்கத்து ஐயா ஒருவர் எங்களுக்குச் சொன்னார்: "தம்பியவை, வாளை நாங்கள் விடுற குஞ்சைத் தின்னுற சாதி. அது குறைஞ்சால் எங்களுக்கு நல்லதுதானே?" வாளை குஞ்சு தின்னும்தான். அதை மறுக்க ஏலாது. ஆனால் திலாப்பியா இலங்கைக்கு வந்தது 1952இல். அதற்கு எவ்வளவோ காலத்துக்கு முதலே வாளையும் சின்ன மீனும் ஒரே தண்ணீரில் இருந்து ரெண்டும் மிஞ்சித்தான் வந்திருக்கின்றன.

ஐயாமாரிடம் எங்களுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. 85 மில்லிமீற்றருக்குக் குறைந்த கண் வலை குளத்தில் போடக்கூடாது. தங்கூசி வலை தடை. ஆனால் இரவில் எந்தக் குளத்தில் அது இல்லை? வலைக்காரன் சங்கத்து ஆள் என்றால் கண்ணை மூடுவதும், ரியூப் பெடியன் என்றால் காற்றைத் திறந்து விடுவதும் எந்த ஊர் நியாயம்? ஒரு முள் தூண்டிலோடு ரியூப்பில் போகிறவனுக்குச் சங்கம் ஒரு சின்ன அட்டை கொடுக்கட்டும். உயிர்காப்பு அங்கி இல்லாமல் குளத்தில் இறங்கினால் அட்டை பறிபோகும் என்று சொல்லட்டும். வான் பாய்கிற காலத்தில் வானுக்குக் கீழேயும் துருசு வாயிலும் ஒருத்தரும், வலைக்காரரும்தான், மீன் பிடிக்கக்கூடாது என்று கட்டட்டும். அதுக்குப் பிறகு எங்களைப் பிடித்தால் நாங்கள் வாய் திறக்க மாட்டோம்.

எங்களுக்குள் மட்டும் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். கொத்துகளை அவிழ்த்து முள்ளைத் தனித்தனியாக எடுத்தாகிவிட்டது. நாலு கொத்தில் பதினேழு முள் வந்தது. இனி ஆளுக்கு ஒரு முள், கோழிக்குடல், ரியூப்பின் பின்னால் கான். கையில் முள் ஏறினவன் மட்டும் இன்னும் சம்மதிக்கவில்லை. கொத்தில் பிழை இல்லையாம், தான் வெட்டி இழுத்ததுதான் பிழையாம். அவன்ர கொத்து அவன் வீட்டு வேப்பமரத்தில், காற்றுப் போன ரியூப்புக்குப் பக்கத்திலேயே தொங்குது. ரியூப்புக்கு ஒட்டுப் போட வேணும் என்று எங்களிடம்தான் காசு கேட்டுக்கொண்டு திரிகிறான். கொத்தைக் கழற்றித் தந்தால் தருவோம் என்று சொல்லியிருக்கிறோம்.