எடை குறைப்பு ஆபரேஷன் முடிஞ்சாச்சு... அதுக்கப்புறம் புரோட்டீன், வைட்டமின் செலவை எப்படிச் சமாளிப்பது? முழு விவரம்

எடை குறைப்பு அறுவை சிகிச்சை என்றதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "ஆபரேஷனுக்கு எவ்வளவு ஆகும்?" என்பதுதான். அதற்குப் பிறகு மாதாமாதம் வரப்போகும் மருந்துக்கடை பில் பற்றிப் பலரும் யோசிப்பதில்லை.

திருச்செங்கோட்டில் விசைத்தறி ஓட்டும் 38 வயதுப் பெண் ஒருவர், கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் இந்த ஆபரேஷனைச் செய்துகொண்டதாக வைத்துக்கொள்வோம். கையில் கொடுக்கும் டிஸ்சார்ஜ் சீட்டில் புரோட்டீன் பவுடர், மல்டிவைட்டமின், கால்சியம், வைட்டமின் டி, இரும்புச்சத்து, பி12 என வரிசையாக எழுதியிருக்கும். "எத்தனை மாசத்துக்கு?" என்று கேட்டால், பவுடரைத் தவிர மற்றதெல்லாம் வாழ்நாள் முழுக்க என்று பதில் வரும்.

வருமானம் இறுகும்போது எதைக் குறைப்பது? எதைக் குறைக்கவே கூடாது? இன்சூரன்ஸ் கை கொடுக்குமா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஏன் வாழ்நாள் முழுக்க மாத்திரை?

அதிகம் செய்யப்படும் ஸ்லீவ் முறையில், இரைப்பையின் முக்கால் பாகத்துக்கும் மேல் வெட்டி எடுக்கப்படுகிறது. சாப்பாட்டின் அளவு குறைகிறது. இரைப்பையில் அமிலச் சுரப்பும், பி12 உடலில் சேரத் தேவையான புரதமும் குறைகின்றன.

பைபாஸ் முறையில், உணவு சிறுகுடலின் ஆரம்பப் பகுதியைத் தொடாமலேயே கீழே போகிறது. இரும்பும் கால்சியமும் அதிகம் உறிஞ்சப்படுவது அந்தப் பகுதியில்தான். அதனால் நல்ல சாப்பாடு சாப்பிட்டாலும் அதன் சத்து முழுசாக உடம்பில் சேராது.

இது சில மாதங்களில் சரியாகிற விஷயம் இல்லை. உடலின் அமைப்பே மாற்றப்பட்டுவிட்டதால்தான் மாத்திரையும் நிரந்தரமாகிறது.

ஒரு நாளைக்கு எவ்வளவு தேவை?

அமெரிக்காவின் பேரியாட்ரிக் அறுவை சிகிச்சை மருத்துவர்கள் சங்கம் 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதலைப் பல நாடுகளிலும் பின்பற்றுகிறார்கள். ஸ்லீவ், பைபாஸ் செய்தவர்களுக்கு அது சொல்லும் தினசரி அளவு இது:

கால்சியம்: 1,200 முதல் 1,500 மி.கி. வரை.
இரும்பு: 45 முதல் 60 மி.கி. வரை.
பி12: குறைந்தது 350 மைக்ரோகிராம். ஊசி என்றால் மாதம் 1,000 மைக்ரோகிராம்.
வைட்டமின் டி: ரத்தத்தில் போதிய அளவு வரும் வரை 3,000 யூனிட்.

புரதம் பொதுவாகக் குறைந்தது 60 கிராம் வேண்டும். உங்கள் எடைக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் ஏற்ற அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதுல ஒரு முக்கியமான விஷயம். கால்சியத்தையும் இரும்பையும் ஒன்றாகப் போடக் கூடாது, குறைந்தது 2 மணி நேரம் இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையை டீ, காபியோடு சேர்த்துப் போட்டாலும் பலன் குறையும். காசு கொடுத்து வாங்கிய மாத்திரை இப்படியும் வீணாகலாம்.

பவுடர் டப்பா ஏன் இவ்வளவு விலை?

புரோட்டீன் பவுடர் சட்டப்படி மருந்து கிடையாது, உணவு. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குப் பதில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கீழ் வருகிறது. அத்தியாவசிய மருந்துகளுக்கு மத்திய அரசு விலை உச்சவரம்பு வைக்கிறது. பவுடர் டப்பாவுக்கு அப்படி எதுவும் இல்லை.

2025 செப்டம்பர் 22-ல் அமலுக்கு வந்த ஜிஎஸ்டி மாற்றத்தில் ஓரளவு நிம்மதி கிடைத்தது. பவுடர் அடங்கும் உணவுத் தயாரிப்புப் பிரிவின் வரி 18 சதவீதத்தில் இருந்து 5 ஆனது. பெரும்பாலான மருந்துகளுக்கு 12-ல் இருந்து 5 ஆனது. ஆனாலும் பவுடர் டப்பா இன்னும் ஆயிரங்களில்தான் விற்கிறது.

விலை கூடுதல் என்பதாலேயே தரம் உறுதி என்றும் சொல்ல முடியாது. இந்தியச் சந்தையில் இருந்து 36 புரோட்டீன் பொடிகளை எடுத்து கேரள மருத்துவர்கள் உள்ளிட்ட குழு பரிசோதித்தது. 2024-ல் 'மெடிசின்' இதழில் முடிவு வெளியானது. சுமார் 70 சதவீதப் பொடிகளில் லேபிளில் சொன்ன புரத அளவு சரியாக இல்லை. சிலவற்றில் பூஞ்சை நச்சும் பூச்சிக்கொல்லி எச்சமும் இருந்தன.

அப்போ பவுடரே வேண்டாமா?

முதல் சில வாரங்களுக்கு வேண்டும். ஆபரேஷன் ஆன புதிதில் திரவ உணவுதான், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். அந்த நேரத்தில் 60 கிராம் புரதத்தைச் சாப்பாட்டில் எடுப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

ஆனா வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பிய பிறகு, மருத்துவரும் சரி என்று சொன்னால், பவுடரின் இடத்தைச் சாப்பாடு பிடிக்க முடியும். சேலம், நாமக்கல் பக்கம் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி. நாட்டின் முட்டை உற்பத்தி மையமே பக்கத்தில் இருக்கிறது.

கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம்.

முட்டை 3: 18 கிராம்
துவரம்பருப்பு 50 கிராம்: 11 கிராம்
மீல்மேக்கர் 25 கிராம்: 13 கிராம்
பாலும் தயிருமாக 400 மில்லி: 13 கிராம்
பொட்டுக்கடலை 25 கிராம்: 5 கிராம்

மொத்தம் 60 கிராம். இதை ஒரே வேளையில் சாப்பிட முடியாது, ஐந்தாறு வேளையாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். சோறு, இட்லியைத் தொடும் முன் தட்டில் உள்ள புரதத்தை முடிப்பது நல்லது.

செலவு? முட்டை 7 ரூபாய், பால் லிட்டர் 50 ரூபாய் என்று வைத்து, ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம்பருப்பையும் சேர்த்தால், ஒரு நாளைக்குச் சுமார் 50 ரூபாய் வரும். பவுடர் கிலோ 2,500 ரூபாய், ஒரு ஸ்கூப்பில் 24 கிராம் புரதம், கிலோவுக்கு 30 ஸ்கூப் என்று வைத்தால், அதே 60 கிராமுக்கு 200 ரூபாயைத் தாண்டும். வித்தியாசம் மாதத்துக்கு 4,500 ரூபாய்.

புரட்டாசியில் முட்டையை நிறுத்துபவர்கள் அந்த 18 கிராமை ஈடுகட்ட வேண்டும். பனீர் 100 கிராமில் சுமார் அதே அளவு இருக்கிறது.

ஜவ்வரிசிக் கஞ்சி போதாதா?

சேலம் வட்டாரத்தில் உடம்பு சரியில்லை என்றால் ஜவ்வரிசிக் கஞ்சி வைத்துக் கொடுப்பது வழக்கம். வயிற்றுக்கு இதமாகத்தான் இருக்கும். ஆனா ஜவ்வரிசி கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து. 100 கிராமில் ஒரு கிராம் புரதம்கூட இருக்காது. சின்ன இரைப்பையை அது நிரப்பிவிட்டால், புரதத்துக்கு இடம் இல்லாமல் போய்விடும். தசை கரையும், முடி கொட்டும், சோர்வு வரும்.

மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும்?

பணம் இறுக்கும்போது மாத்திரையை நிறுத்துவது சுலபம். ஏன்னா நிறுத்திய மறுநாள் உடம்பில் எந்த மாற்றமும் தெரியாது. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது.

பி12 கல்லீரலில் வருடக்கணக்குக்குச் சேமிப்பில் இருக்கும். அது தீர்ந்த பிறகுதான் கை கால் மரத்துப்போவதும் நடை தடுமாறுவதும் தொடங்கும். தாமதமானால் நரம்புப் பாதிப்பு முழுமையாகச் சரியாகாமல் போகலாம். கால்சியம் குறைந்தால் உடம்பு எலும்பில் இருந்து எடுத்துக்கொள்ளும். அதுவும் வெளியே தெரியாது.

இரும்பு விஷயத்தில் நம்மூர்ப் பெண்கள் ஏற்கெனவே பின்தங்கித்தான் இருக்கிறார்கள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே ஆய்வில் 40.4 சதவீதப் பெண்களுக்கு உடல் எடை அதிகம். எடையும் ரத்தசோகையும் சேர்ந்தே இருக்கலாம் என்பதை இது காட்டுகிறது.

இன்னொரு எச்சரிக்கை. வைட்டமின் பி1 உடம்பில் சில வாரங்களுக்கு மட்டுமே தாங்கும். ஆபரேஷனுக்குப் பிறகு விடாமல் வாந்தி இருந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூளையைப் பாதிக்கக்கூடிய பிரச்சனை இது.

ஆக, பவுடரைச் சாப்பாட்டால் மாற்றலாம், மாத்திரையை மாற்ற முடியாது. டப்பாவுக்கு ஆயிரங்களைக் கொடுத்துவிட்டு மாத்திரையில் மிச்சம் பிடிப்பது தலைகீழ்க் கணக்கு.

இன்சூரன்ஸ் தருமா?

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ, 2019-ல் மருத்துவக் காப்பீட்டு விலக்குகளுக்குப் பொதுவான வாசகங்களைக் கொண்டுவந்தது. அதன்படி, மருத்துவர் பரிந்துரையுடன், 18 வயது நிறைந்தவருக்கு, பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் எடை குறைப்பு ஆபரேஷனை வெறும் உடல் பருமன் சிகிச்சை என்று சொல்லி ஒதுக்க முடியாது. கட்டுப்படாத சர்க்கரை நோய், இதய நோய் போன்றவை இருந்து, மற்ற வழிகளும் பலன் தரவில்லை என்றால் பிஎம்ஐ 35 போதும். காத்திருப்புக் காலம் உள்ளிட்ட பாலிசி நிபந்தனைகள் தனி.

அதே பட்டியலில் இன்னொரு விலக்கும் இருக்கிறது. வைட்டமின், தாதுச்சத்து உள்ளிட்ட, மருந்துச் சீட்டு இல்லாமலே வாங்கக்கூடிய சத்துப்பொருட்களுக்குப் பணம் கிடையாது. மருத்துவமனை அனுமதி தொடர்பான கிளெய்மின் பகுதியாக மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும் விதிவிலக்கு.

நடைமுறையில் இதற்கு என்ன அர்த்தம்? பல பாலிசிகளில் டிஸ்சார்ஜ் ஆன பிறகு 60 அல்லது 90 நாள் செலவையும் கேட்க முடியும். அந்த நாட்களுக்குள் மருத்துவர் பெயர், தேதியுடன் சீட்டு வாங்கி, நோயாளி பெயரில் பில் போட்டு வைத்தால் வைட்டமின் செலவைக் கேட்டுப் பார்க்கலாம். பவுடர் உணவுப் பொருள் என்பதால் நிராகரிக்கப்பட வாய்ப்பு அதிகம், முன்கூட்டியே எழுத்துப்பூர்வமாகக் கேட்டுக்கொள்வது நல்லது. நியாயம் இல்லாமல் மறுத்தால் 'பீமா பரோசா' இணையதளத்திலும் காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடமும் புகார் செய்யலாம்.

அந்த 90 நாளுக்குப் பிறகு? எல்லாம் கைக்காசுதான்.

குறைந்த விலையில் எங்கே வாங்கலாம்?

முதலில், மருத்துவரிடம் பிராண்ட் பெயருக்குப் பதில் மருந்தின் பொதுப் பெயரையும் அளவையும் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தச் சீட்டோடு மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரி 24-ல் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் விலை கேட்டுப் பாருங்கள். ஒரே மருந்து, விலையில் பெரிய வித்தியாசம் இருக்கும்.

கால்சியம் வாங்கும்போது கவனம். அமிலம் குறைந்த இரைப்பைக்கு சிட்ரேட் வகைதான் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. மலிவு என்பதற்காக கார்பனேட் வகைக்கு மாறும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். சாதாரண மல்டிவைட்டமின் ஒன்றைப் போட்டால் போதும் என்று நினைப்பதும் தவறு, அதில் உள்ள அளவு பெரும்பாலும் பத்தாது.

ரத்தசோகைத் தடுப்புத் திட்டத்தில் அரசு வழங்கும் இரும்பு மாத்திரையில் பெரியவர்களுக்கு 60 மி.கி. இரும்பும் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டிக் கேட்டுப் பார்க்கலாம்.

அரசு செய்ய வேண்டியது என்ன?

2024 ஏப்ரலில், சென்னையை அடுத்த பம்மலில் எடை குறைப்பு ஆபரேஷனுக்குச் சேர்ந்த புதுச்சேரி இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். விசாரணை, நடவடிக்கை என்று அப்போது பேச்சு முழுக்க ஆபரேஷன் தியேட்டரைச் சுற்றியே இருந்தது. வீடு திரும்பியவர்களின் அடுத்த பத்து, இருபது வருடங்கள் பற்றி யாரும் பேசவில்லை.

பிரிட்டனின் நைஸ் அமைப்பு, ஆபரேஷனுக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டுகள் மருத்துவக் குழுவின் கண்காணிப்பும், அதன்பின் ஆண்டுக்கு ஒரு முறையாவது ஊட்டச்சத்துப் பரிசோதனையும் வேண்டும் என்கிறது. இங்கே 2021-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அதே பையில் பி12, கால்சியம், இரும்பு மாத்திரைகளைச் சேர்ப்பது பெரிய காரியம் இல்லை. ஆபரேஷனுக்குப் பணம் கொடுத்த காப்பீட்டு நிறுவனமும், பலன் நிலைக்கத் தேவையான மாத்திரைக்குக் கை விரிப்பதை மறுபரிசீலனை செய்யலாம்.

அதுவரை, ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கும் முன்பே மருத்துவரிடம் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: "ஆபரேஷனுக்கு அப்புறம் மாசம் எவ்வளவு ஆகும் டாக்டர், எத்தனை வருஷத்துக்கு?" பதிலைக் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டு, அதற்கும் சேர்த்துப் பட்ஜெட் போடுங்கள்.