கரண்டி யார் கையில்?

அந்தமானில் வீடு கட்டுகிறவரின் பெரிய தலைவலி மணல். சிமென்ட்டும் கம்பியும் சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினம் துறைமுகங்களிலிருந்து கப்பலேறி வந்துவிடும். தாமதமாகலாம், விலை கூடலாம், ஆனால் வரும். மணல் விஷயம் வேறு. காவிரியோ பாலாறோ இல்லாத தீவுகளில் மணல் என்றாலே கடற்கரைதான். பல ஆண்டுகள் அதைத்தான் அள்ளிக் கட்டினார்கள். அந்தக் கரைகளில் சில, ஆமைகள் முட்டையிட வரும் இடங்கள். 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. மணல் எடுப்பதை ஆண்டுதோறும் குறைந்தது 20 சதவீதம் குறைத்து, ஐந்து ஆண்டுகளுக்குள் அன்றைய அளவில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவிட்டது. அன்று முதல் தீவுகளில் ஒரு பாண்டு மணலுக்கும் கணக்கு உண்டு.

இந்தக் கணக்கில் யாரும் சேர்க்காத ஒன்று இருக்கிறது. அது சுவருக்குப் பூச்சு பூசுகிறவரின் கை.

உள்சுவர் பூச்சுக்கு 12 மில்லிமீட்டர் கனம் போதும் என்பது நாடு முழுவதும் வழக்கில் உள்ள அளவு. சுவர் கோணலாக எழும்பியிருந்தாலோ, பூசுகிறவருக்கு மட்டம் பிடிக்கத் தெரியாவிட்டாலோ அது 20 மில்லிமீட்டராகிவிடும். கேட்க எட்டு மில்லிமீட்டர்தான். கலவையோ மூன்றில் இரண்டு பங்கு கூடுதலாகப் போகும். 100 சதுர மீட்டர் சுவரில் இந்த வித்தியாசம் மட்டும் 0.8 கன மீட்டர் கலவை. கீழே சிந்தி வீணாவது இதில் சேராது. கனமான பூச்சு உறுதியானது என்று நினைக்கிறவர்கள் பலர். உண்மை நேர்மாறானது. ஒரே தடவையில் தடியாக ஏற்றிய காரை தன் பாரத்திலேயே தொங்கும், காயும்போது வெடிக்கும், சுவரைவிட்டு விலகும். நாட்டிலேயே நிலநடுக்க ஆபத்து மிக அதிகமான பகுதிகளில் ஒன்று அந்தமான். 1941 ஜூனில் ஒரு பெரிய நடுக்கத்தையும், 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியோடு வந்த நடுக்கத்தையும் பார்த்த மண். அங்கே பிடிப்பில்லாத காரை தலைமேல் தொங்கும் ஆபத்து.

ஆகவே பூச்சு வேலையை ஒழுங்காகக் கற்றுக்கொடுப்பது அந்தமானில் வெறும் வேலைவாய்ப்புத் திட்டம் அல்ல. மணலைச் சேமிக்கும் வழியும் அதுதான்.

அப்படி என்ன கற்க வேண்டியிருக்கிறது? வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கலவையை அப்பித் தேய்ப்பதாகத்தான் தெரியும். புதிதாகக் கற்கிறவர் கரண்டியைத் தொடுமுன் அறிய வேண்டியவை நான்கு.

முதலாவது மணல். ஒரு கண்ணாடிக் குவளையில் பாதிக்கு மணலும் மீதிக்குத் தண்ணீரும் விட்டுக் குலுக்கி சில மணி நேரம் வையுங்கள். மேலே படியும் வண்டலின் கனம் குறைவாக இருந்தால் நல்லது. தடித்த படலமாக இருந்தால் அந்த மணல் பூச்சுக்கு ஆகாது. கடல் மணலில் வேறு தொல்லை. அதிலுள்ள உப்பு சுவரில் ஈரத்தை இழுக்கும், வெள்ளையாகப் பூக்கும், சுண்ணாம்பையும் பெயின்ட்டையும் உரிக்கும். கான்கிரீட்டில் சேர்ந்தால் கம்பியைத் தின்னும். கல்லை உடைத்துச் செய்யும் மணல் மாற்றாகப் பயன்படுகிறது. ஆனால் பூச்சுக்கென்று சலித்து, கழுவிய ரகமாக இருக்க வேண்டும். தூசி அதிகமானால் சுவரெல்லாம் மயிரிழை வெடிப்பு.

இரண்டாவது கலவை. உள்சுவருக்கு ஒரு பங்கு சிமென்ட்டுக்கு ஆறு பங்கு மணல், கூரையின் அடிப்பக்கத்துக்கு மூன்று அல்லது நான்கு பங்கு என்பது பொதுவான கணக்கு. கண்ணால் மதிப்பிட்டுக் கொட்டக் கூடாது, பெட்டியால் அளக்க வேண்டும். உலர்வாகவே நிறம் ஒன்றாகும்வரை புரட்டி, அதன் பிறகே தண்ணீர் சேர்க்க வேண்டும். தண்ணீர் விட்ட அரை மணி நேரத்துக்குள் அந்தக் கலவை சுவரேற வேண்டும். இறுகியதை மறுபடி தண்ணீர் தெளித்துப் பிசைந்து பயன்படுத்துவது ஊரெங்கும் நடக்கிறது. அப்படிப் பூசியது சில மழைக்காலங்களில் உதிரும்.

மூன்றாவது சுவரைத் தயார் செய்வது. செங்கல் அல்லது பிளாக் இணைப்புகளைச் சுமார் 10 மில்லிமீட்டர் ஆழம் சுரண்டிவிட வேண்டும். வழுவழுப்பான கான்கிரீட் தூணையும் உத்தரத்தையும் கொத்திவிட வேண்டும். தூணும் சுவரும் சேரும் இடத்தில் கோழிவலை அடிக்க வேண்டும். இரண்டும் வெயிலில் வெவ்வேறு அளவில் விரிவதால் வெடிப்பு முதலில் அங்கேதான் வரும். பிறகு சுவரை நனைக்க வேண்டும். காய்ந்த சுவர் கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடும். சொட்டும் சுவரில் கலவை ஒட்டாமல் வழியும்.

நான்காவதுதான் மணலைச் சேமிக்கும் இடம்: புள்ளி வைப்பது. தூக்குக்குண்டு விட்டு, நூல் கட்டி, சுவரில் ஆறடிக்கு ஒன்றாகச் சிறு கலவைத் திட்டுகளில் ஓட்டுத் துண்டு பதித்து, பூச்சு எந்தக் கனத்தில் நிற்க வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்கிறார்கள். சுவர் எங்கே பிதுங்கியிருக்கிறது, எங்கே உள்வாங்கியிருக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். பிதுங்கலைச் செதுக்கிவிட்டால் சுவர் முழுவதும் கனம் குறையும். இந்த அரை நாள் வேலையைத் தாண்டிக் குதிப்பவர் பிறகு மூட்டை மூட்டையாகச் சிமென்ட்டைத் தண்டம் கட்டுகிறார்.

இதன் பின்பே கரண்டி. கலவையை அப்பாமல் வீசி அடிக்க வேண்டும். வேகத்தில்தான் காற்று வெளியேறிப் பிடிப்பு வரும். பிறகு மட்டப்பலகையைக் கீழிருந்து மேலாக அசைத்து இழுத்து, மணியாசுக் கட்டையால் வட்டமாகத் தேய்க்க வேண்டும். ஈரம் போகவில்லை என்று வெறும் சிமென்ட்டைத் தூவித் தேய்ப்பது வேகத்துக்குக் கைகொடுக்கும், பின்னால் சிலந்தி வலைபோல் வெடிக்கும். மறுநாள் கரண்டிக் காம்பால் தட்டிப் பாருங்கள். பொள்ளலாக ஒலித்தால் பிடிக்கவில்லை என்று பொருள். ஒன்றை மறக்க வேண்டாம்: ஈரச் சிமென்ட் தோலைப் புண்ணாக்கும். கையுறை ஆடம்பரம் அல்ல.

அடுத்து ஏழு நாளாவது சுவருக்குத் தண்ணீர் காட்ட வேண்டும். அந்தமானின் தனிச் சிக்கல் இங்கே வருகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் தீவுகள் அவை. இரண்டு பருவமழையும் உண்டு. வெளிச்சுவர் பூச வசதியான காலம் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைதான். தண்ணீர்த் தட்டுப்பாடும் அதே மாதங்களில்தான். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேருக்குக் குடிநீர் தரும் தனிக்காரி அணை கோடையில் இறங்கும்போது, குழாயில் முறைவைத்துத்தான் தண்ணீர் வரும். அப்போது சுவருக்கு யார் ஊற்றுவார்கள்? எதிரே கடல் இருக்கிறதே என்று உப்புத் தண்ணீர் ஊற்றினால் எல்லா உழைப்பும் பாழ். நனைத்த சாக்கை வெளிச்சுவரில் தொங்கவிடுவது, உள்சுவரைக் கதவு சன்னல் மூடிக் காப்பது என்று சில குடத்தில் காரியத்தை முடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். மெயின்லேண்டிலிருந்து ஒரு சீசனுக்கு வந்துபோகும் கொத்தனாருக்கு இந்தக் கவலை இராது. ஊர்க்காரருக்குத்தான் இருக்கும்.

பூசாமலே விட்டால் என்ன என்று கேட்கலாம். நல்ல செங்கல் கிடைக்கும் ஊரில் அது நியாயமான யோசனை. உப்புக் காற்றும் சாரலும் அறையும் தீவில் சிமென்ட் பிளாக் சுவருக்கு மேலாடை வேண்டும்.

அப்படியானால் யாருக்குக் கற்றுக்கொடுப்பது? அந்தமானில் கொத்து வேலையின் வரலாறு வெளியிலிருந்து ஆள் கொண்டுவந்த வரலாறு. 1896 முதல் 1906 வரை எழுந்த செல்லுலார் சிறையைக் கட்டியவர்கள் கைதிகள். பிறகு காட்டு வேலைக்கு சோட்டா நாக்பூரிலிருந்து பழங்குடி மக்களைக் கொண்டுவந்தார்கள். இன்றும் அவர்களை 'ராஞ்சி' என்றே அழைக்கிறார்கள். தமிழர்களும் கூலி வேலை தேடிப் போனார்கள். 2011 கணக்கெடுப்பில் தீவுகளின் மக்களில் சுமார் 15 சதவீதம் தமிழ் பேசுகிறவர்கள்.

வேலையிடத்தின் ஏணி மட்டும் மாறவில்லை. எந்த ஊரிலும் கொத்தனார் ஆண், சித்தாள் பெண். கலவையைக் குழைப்பது, சுமப்பது, சாரத்துக்கு எடுத்துக் கொடுப்பது அவள். எந்தப் பதத்தில் கலவை நிற்கும் என்பது அவளுக்குத் தெரியும். கரண்டியை மட்டும் யாரும் அவள் கையில் கொடுப்பதில்லை. ஆணாக இருந்தால் அதே பெரியாள் சில ஆண்டுகளில் கொத்தனாராகிவிடுகிறார். அவளோ சித்தாளாகவே வயதாகிறாள், அந்தக் கூலியிலேயே.

இது விதியல்ல. அதே சோட்டா நாக்பூர் மண்ணில், ஜார்க்கண்டில், தூய்மை பாரதத் திட்டத்தின் கழிப்பறைகளைக் கட்ட ஆயிரக்கணக்கான பெண்களுக்குக் கொத்து வேலை கற்றுக்கொடுத்தார்கள். 'ராணி மிஸ்திரி' என்று அவர்களுக்குப் பெயரே வந்தது. ஆள் பற்றாக்குறை வந்ததும் கரண்டி பெண் கைக்குப் பொருந்திவிட்டது. அந்தமானில் ஆள் பற்றாக்குறை எப்போதும் இருக்கிறது.

தடையாக நிற்பது கூலி. தினக்கூலிக்காரர் ஒரு மாதம் கற்கப் போனால் அந்த மாதம் அடுப்பு எரியாது. தவிர, கற்றுக்குட்டி வீணாக்கும் மணலுக்கு எந்தக் கான்ட்ராக்டரும் பணம் தரமாட்டார். இரண்டுக்கும் வழி உண்டு. சட்டப்படி கட்டடச் செலவில் குறைந்தது ஒரு சதவீதம் தொழிலாளர் நல வரியாக வசூலாகிறது. 18 வயதிலிருந்து 60 வயதுக்குள், ஓராண்டில் 90 நாள் கட்டட வேலை செய்தவர் நல வாரியத்தில் பதியலாம். அந்தப் பணத்திலிருந்து பயிற்சி நாட்களுக்குக் கூலி கொடுக்கலாம். பழகும் சுவருக்குச் சிமென்ட்டே வேண்டாம். சுண்ணாம்பும் மணலும் கலந்து பூசி, மாலையில் சுரண்டி எடுத்து, மறுநாள் அதையே குழைத்துப் பூசலாம். ஒரே வண்டி மணலில் ஒரு வகுப்பே தேறிவிடும்.

மணல் அள்ளும் லாரியைப் பிடிக்கச் சோதனைச் சாவடி வைக்கிறோம். வைக்க வேண்டியதுதான். அதே அக்கறையில் ஒரு பங்கை, பத்து வருடம் பாண்டு சுமந்தவளுக்குத் தூக்குக்குண்டு விடக் கற்றுத்தருவதில் காட்டினால், சுவரும் நிற்கும், கடற்கரையும் நிற்கும்.