ஆட்குறைப்பு சீரமைப்பாகுமா?

கண்டக்குழியில் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லும் நாம் படைத்துறை நிபுணர்களல்லர். ஆயினும் படைக்கு ஆளும் பணமும் கொடுப்பவர்கள் மக்களே. ஆதலால் இராணுவச் சீரமைப்பைப் பற்றிப் பேசும் உரிமை நமக்குண்டு.

2023 ஜனவரியில் அரசு ஒரு திட்டத்தை அறிவித்தது. இராணுவத்தின் அங்கீகரிக்கப்பட்ட ஆட்பலமான 200,783, 2024இல் 135,000 ஆகவும் 2030இல் 100,000 ஆகவும் குறையும் என்பதே அது. நாட்டின் காவல் போயிற்று என்று ஒரு சாரார் அலறினர். செலவு குறைந்தால் நோய் தீர்ந்தது என்று இன்னொரு சாரார் கணக்கேட்டை மூடினர். இந்தப் படை யாருக்காக, யாரை நோக்கி நிற்கிறது என்று இருவருமே கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு வரலாறே விடை சொல்கிறது.

1881இல் ஆங்கிலேயர் இலங்கை இலகு காலாட்படையைத் தொண்டர் படையாகத் தொடங்கினர். 1900இல் ஐரோப்பியத் தோட்டத்துரைமாருக்கென்றே தனியொரு துப்பாக்கிப் படை எழுந்தது. 1949 அக்டோபரில் சுதந்திர நாட்டின் இராணுவம் பிறந்தது. கொடி மாறியது, துப்பாக்கியின் திசை மாறியதா? 1952இல் தொடங்கிய ‘மொன்டி’ நடவடிக்கையில், தென்னிந்தியாவிலிருந்து தோணியேறி வரும் ஏழைகளைத் தடுக்க, கடற்படைக்குத் துணையாக இராணுவம் நம் வடமேற்குக் கரையோரங்களில் நிறுத்தப்பட்டது. தோட்டத் தொழிலாளியின் பிரஜாவுரிமையை 1948இல் பறித்த அதே ஆளும் வர்க்கம், வயிற்றுப் பசியைப் படையெடுப்பாகக் கண்டது. 1953 ஹர்த்தாலில், அரிசி விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியதை எதிர்த்த மக்கள் முன்னும் இராணுவம் இறக்கப்பட்டது. 1971இல் கிளர்ந்த சிங்களக் கிராமத்து இளைஞரையும் அது விட்டுவைக்கவில்லை.

படையணிகளின் பெயர்களையும் பாருங்கள்: சிங்க, கெமுனு, கஜபா, விஜயபாகு. பல இன மக்களின் வரிப்பணத்தில் வாழும் படை, ஓரினத்தின் அரச புராணத்தைத் தோளில் சுமந்தது. 2007ஆம் ஆண்டில் 57ஆவது படைப்பிரிவு உருவாக்கப்பட்டது; முதலாம் செயலணி வளர்ந்து 58ஆவது ஆயிற்று. இவ்விரண்டும் 2009 ஜனவரி 2ஆம் நாள் கிளிநொச்சியைக் கைப்பற்றின. 59ஆவது முல்லைத்தீவை நோக்கி நகர்ந்தது. அவ்வாண்டு மே மாதம் போர் முடிந்தது. போருக்கென்று எழுப்பிய பிரிவுகள் போர் முடிந்ததும் கலைந்தனவா? பல பிரிவுகள் ஆண்டுக்கணக்கில் வடக்கிலேயே பாளையமிட்டிருந்தன. 2017இல் கேப்பாப்புலவு மக்கள் தம் சொந்தக் காணிக்காக முகாம் வாசலில் அமர்ந்து போராட நேர்ந்தது.

அப்படியானால் சிப்பாய் நமக்குப் பகைவனா? அல்லன். வானம் பொய்த்த வயலும் வேலையற்ற வாலிபமுமே அவனைப் படைக்கு அனுப்பின. அவனைக் கூலிக்கு அமர்த்தியவர்கள், இன்று பணமில்லை என்றதும் கைகழுவுகிறார்கள். விளைவு என்ன? ஓய்வுபெற்ற படையினர் நூற்றுக்கணக்கில் முகவர்களின் ஆசை வார்த்தைக்கு மயங்கி ரஷ்ய – உக்ரேனியப் போர்முனைக்குப் போயினர். அங்கே குறைந்தது 16 இலங்கையர் மாண்டனர் என்று 2024 மே மாதம் அரசே ஒப்புக்கொண்டது. தன் நாட்டில் தொழிலற்றவன் அந்நியன் போரில் தீனியானான்! இதற்குப் பெயர் சீரமைப்பென்றால், அழிவுக்குப் பெயர் என்ன?

2023ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் பாதுகாப்பு அமைச்சுக்கு 41,000 கோடி ரூபாய். கல்வி அமைச்சுக்கு 23,200 கோடி. மாகாண சபைகளும் கல்விக்குச் செலவிடுவது உண்மையே. ஆனால் போர் முடிந்து பதினான்கு ஆண்டுகள் கழிந்த பின்னும் ஒரு நாட்டின் தராசு இவ்வாறு சாயலாமா?

நாம் கேட்பவை நான்கு. படை பிடித்து வைத்திருக்கும் மக்கள் காணிகள் மக்களிடமே திரும்ப வேண்டும். படையிலிருந்து விலகும் ஒவ்வொருவனுக்கும் ஒரு தொழிலும் அதற்கான பயிற்சியும் உறுதியாக வேண்டும். மிஞ்சும் பணம் பாடசாலைக்கும் மருத்துவமனைக்கும் போவதை மக்கள் கணக்குப் பார்க்க வேண்டும். எஞ்சும் படை எல்லா இனத்தாருக்கும் உரியதாக, அவரவர் மொழியில் அவரோடு பேசுவதாக இருக்க வேண்டும்.

இவை இல்லாத சீரமைப்பு, பழைய சட்டையைச் சிறிதாக வெட்டித் தைப்பதே. சட்டை சிறுத்தாலும் அதை அணிந்திருக்கும் அதிகாரம் சிறுக்காது. நண்பர்களே, பாதி எண்ணிக்கையுள்ள படையும் மக்களை நோக்கித் துப்பாக்கி நீட்ட முடியும். குறைய வேண்டியது ஆட்கணக்கு மட்டுமன்று. சொந்த மக்களைப் பகைவராகக் காணும் அந்தப் பார்வையும்தான்.