கீரை பறிக்கவும் இடமில்லையா?

இரண்டு நாள் சேர்ந்தாற்போல் மழை பெய்துவிட்டால் போதும், ஸ்ரீராம்புரம் கடைத்தெருவில் கீரைக்கூடைகளின் வரிசை நீண்டுவிடும். தண்டுக்கீரை, முளைக்கீரை, வெந்தயக்கீரை எல்லாம் தோட்டத்திலிருந்து வருபவை. அவற்றுக்குப் பக்கத்தில், ஈரச்சாக்கின் மேல் வேறு சில கட்டுகள் இருக்கும். யாரும் விதைக்காமல், யாரும் தண்ணீர் பாய்ச்சாமல் தானாக முளைத்தவை அவை. பொன்னாங்கண்ணி, பண்ணைக்கீரை, மூக்கிரட்டை, மணத்தக்காளி எல்லாம் கலந்த கட்டு. கன்னடத்தில் இதைப் 'பெரகெ சொப்பு' என்கிறார்கள். நாம் கலவைக்கீரை என்கிறோம்.

இந்தக் கலவைக்கீரைக் கட்டுகள் ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே வருகின்றன. ஏன் என்று ஒரு கூடைக்கார அம்மாளைக் கேட்டோம். "எங்கே சாமி போய்ப் பறிக்கிறது? ஏரிக்கெல்லாம் கேட்டு போட்டுப் பூட்டிட்டாங்க. உள்ளே போனா வாட்ச்மேன் வெரட்டறான்" என்றார்.

ஒரு கட்டுக் கீரைக்குத் தலையங்கமா என்று சிலர் நினைக்கக்கூடும். ஸ்ரீராம்புரம், ஓகலிபுரம் பகுதிகளில் குடியிருக்கும் குடும்பங்களின் கதை தெரிந்தவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள்.

வடஆற்காடு, தர்மபுரி, சேலம் பக்கத்திலிருந்து பின்னி மில்லுக்கும் மினர்வா மில்லுக்கும் ரயில்வேக்கும் கட்டட வேலைக்கும் வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் நாம். மாதத்தின் கடைசி வாரத்தில் கையில் காசு இராது. அப்போது அடுப்பில் கொதித்தது பெரும்பாலும் பறித்து வந்த கீரைதான். பாட்டி விடியற்காலையில் மடியைக் கட்டிக்கொண்டு புறப்படுவார். ஒரு மணி நேரத்தில் மடி நிறையக் கீரையோடு திரும்புவார். கடைந்தால் குழம்பு, வேகவைத்த நீரை இறுத்தால் ரசம். பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மாள் அதையே 'மஸ்ஸொப்பு' என்றும் 'பஸ்ஸாரு' என்றும் செய்வார். கிண்ணங்கள் சுவர்மேல் கைமாறும். நம் பெண்கள் பலர் கன்னடம் கற்றது பள்ளிக்கூடத்தில் அல்ல. வல்லாரை இங்கே 'ஒந்தெலகா', கீழாநெல்லி 'நெலநெல்லி', தும்பை 'தும்பே', அருகம்புல் 'கரிகே' என்று செடியைக் கையில் வைத்துக்கொண்டு கற்ற கன்னடம் அது.

இந்த ஊரில் கீரைக்கும் தமிழுக்கும் உள்ள தொடர்பு நமக்கு முந்தியது. பெங்களூர்க் கரகத்தை எடுக்கும் திகளர்கள் ஏரிக்கரைகளில் தோட்டம் போட்டுப் பிழைத்த சமூகத்தார். அவர்கள் வீட்டில் பேசும் பேச்சில் தமிழ் கலந்திருக்கும். அவர்கள் பயிரிட்டது ஏரி நீரைக்கொண்டுதான். வரப்பிலும் வாய்க்காலிலும் தானாக முளைத்ததை ஏழைகள் பறித்துக்கொண்டார்கள்.

அந்த ஏரிகள் இன்று எங்கே? சிட்டி ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த தர்மாம்புதி ஏரியின் மேல்தான் மெஜஸ்டிக் பஸ் நிலையம் நிற்கிறது. சம்பங்கி ஏரி கண்டீரவா ஸ்டேடியமாகிவிட்டது. கரகச் சடங்குக்காக ஒரு சிறு குளம் மட்டும் மிச்சம். நமக்குப் பக்கத்திலேயே இருந்த ஜக்கராயன் கெரே மைதானமாயிற்று. நடந்துபோகும் தூரத்தில் மிஞ்சியிருப்பது 1882-ல் கட்டப்பட்ட சாங்கி ஏரி ஒன்றுதான். அதைச் சுற்றிலும் வேலி; உள்ளே நடைபாதை; காலையிலும் மாலையிலும் கை வீசி நடப்பவர்கள். நடப்பது உடம்புக்கு நல்லதுதான். அதில் நமக்கு ஆட்சேபணை இல்லை.

2000-க்குப் பிறகு நகரத்து ஏரிகள் பலவற்றைத் தூர்வாரி, கரை கட்டி, வேலி போட்டு அழகுபடுத்தினார்கள். சாக்கடைக் குட்டையாகக் கிடந்தவை சில இடங்களில் மீண்டும் ஏரியாயின. அது பாராட்டத்தக்க பணி. ஆனால் மாடு மேய்த்தவரும், புல் அறுத்தவரும், துணி வெளுத்தவரும், கீரை பறித்தவரும் பல இடங்களில் வேலிக்கு வெளியே தள்ளப்பட்டார்கள். அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹரிணி நாகேந்திராவும் சீமா முண்டோலியும் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து எழுதி வருகிறார்கள். அழகு பார்க்க வருகிறவருக்குக் கதவு திறக்கிறது, அடுப்புக்குத் தேடி வருகிறவருக்கு மூடுகிறது. இது என்ன நியாயம்?

கீரை பறிப்பவர் ஏன் வாய் திறந்து கேட்பதில்லை? வெட்கம்தான் காரணம். இந்த வெட்கம் நேற்று வந்தது அல்ல. சங்க இலக்கியமான சிறுபாணாற்றுப்படையில் ஒரு காட்சி உண்டு. பசியால் வாடிய பாணனின் வீட்டில், குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளிவந்து, போடுவதற்கு உப்பும் இல்லாமல் வேகவைக்கிறாள் அவன் மனைவி. அக்கம்பக்கத்தார் பார்த்து ஏசுவார்களே என்று கதவை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு உண்கிறார்கள். ஈராயிரம் ஆண்டாகக் கதவை அடைத்துத்தான் உண்கிறோம்! ஆபீசில் டிபன் டப்பாவைத் திறக்கும்போது, பொரியலுக்கு அடியில் கீரையை மறைத்து வைக்கிற குமாஸ்தாவை நாம் அறிவோம். (இதை எழுதுபவரும் அந்த வர்க்கம்தான்.) வேடிக்கை என்னவென்றால், அதே முடக்கத்தான் இலையைக் காயவைத்துப் பொடியாக்கிக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து, 'இயற்கை உணவு' என்று பெரிய கடைகளில் நல்ல விலைக்கு விற்கிறார்கள். வாங்குகிறவர்கள் வெட்கப்படுவதில்லை.

2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 100-க்கு 57 பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. கீரை மட்டும் தின்றால் இது தீர்ந்துவிடும் என்று சொல்லமாட்டோம். கீரையிலுள்ள இரும்புச் சத்தில் உடம்பு ஏற்றுக்கொள்வது கொஞ்சம்தான். ஒரு மூடி எலுமிச்சம்பழம் பிழிந்தால் சற்றுக் கூடும். கர்ப்பிணிகள் ஆஸ்பத்திரியில் கொடுக்கும் இரும்பு மாத்திரையை விட்டுவிடக் கூடாது. ஆனாலும் கண்ணுக்கு நல்ல சத்தும், எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்பும், நார்ச்சத்தும் காசில்லாமல் கிடைப்பது இந்த இலைகளில்தான். சோறும் சாம்பாரும் பரோட்டாவுமாக வளரும் நம் பிள்ளைகளின் தட்டில் பச்சை நிறத்தையே காணோம்.

சமைக்கும் முறையிலும் பெரியவர்களுக்கு அறிவு இருந்தது. பிரண்டையை அப்படியே அரைத்தால் நாக்கும் தொண்டையும் அரிக்கும். அதனால் இளந்தண்டாகப் பார்த்து நார் உரித்து, எண்ணெயில் நன்றாக வதக்கி, புளி வைத்துத் துவையல் அரைத்தார்கள். சில கீரைகளை வேகவைத்து முதல் தண்ணீரைக் கொட்டினார்கள். கீரைகளிலுள்ள ஆக்சலிக் அமிலத்தில் ஒரு பகுதி இந்த நீரோடு போய்விடும். அதிகமானால் சிறுநீரகக் கல்லுக்கு வழி செய்வது அதுதான். தூதுவளை ரசம் சளிக்கு, முடக்கத்தான் தோசை மூட்டுவலிக்கு, மணத்தக்காளி வாய்ப்புண்ணுக்கு என்று மருந்தையும் சமையலுக்குள்ளேயே வைத்தார்கள். வாரத்துக்கு ஒரு நாள், கைப்பிடி அளவு. அந்த அளவில் மருந்து என்றும் சொல்லலாம், சாப்பாடு என்றும் சொல்லலாம்.

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். காட்டு இலை என்றாலே கெடுதல் செய்யாது என்ற நம்பிக்கை ஆபத்தானது.

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்பது நம் வீடுகளில் வேதவாக்கு. சென்னையில் டாக்டர் தியாகராஜனும் அவர் குழுவினரும் இதை முறையாகச் சோதித்தார்கள். ஹெபடைடிஸ்-பி கிருமியைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கும் அதில் சேர்ந்திருந்தார். கிருமியைச் சுமந்தவர்களில் கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் அந்தக் கிருமியின் அடையாளம் மறைந்தது என்று 1988-ல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பின்னர் வேறு நாடுகளில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. விஷயம் இன்றும் முடியவில்லை. அப்படியானால் கீழாநெல்லி குடித்துக் குணமான நம் சித்தப்பா? அசுத்தத் தண்ணீரால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். பெயரை இலை தட்டிக்கொண்டு போகிறது. தானாக இறங்காத காமாலையும் உண்டு. கண் மஞ்சளானால் முதலில் ரத்தப் பரிசோதனை செய்யவேண்டும். பச்சிலை பிறகு இருக்கட்டும்.

குப்பைமேனியைப் பார்ப்போம். சொறி சிரங்குக்கு அரைத்துப் பூசுகிறோம். அதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இலங்கையில் குப்பைமேனி சேர்த்த கஞ்சியைக் குடித்த சிலருக்கு ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து உயிருக்கே ஆபத்தானதை 1996-ல் டாக்டர்கள் பதிவு செய்தார்கள். அவர்களுக்குப் பிறவியிலேயே ஒரு நொதி குறைவு. தங்களுக்கு அந்தக் குறை இருப்பது பலருக்குத் தெரிவதே இல்லை. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கு கொடிய விஷம். ஏதோ கிழங்கு என்று தின்று மாண்டவர்கள் உண்டு. எதைத் தின்னலாம் என்பதோடு எதைத் தொடக்கூடாது என்பதையும் பாட்டி சொல்லிக்கொடுத்தாள். பாட்டியும் போய், ஏரியும் போய்விட்டால், பிள்ளைகளிடம் மிஞ்சுவது கைப்பேசியில் யாரோ அனுப்பும் பாதி வைத்தியம்தான்.

எங்கே பறிப்பது என்பதும் அதே அளவு முக்கியம். ஏரி மூடப்பட்டதும் நம் பெண்கள் சிலர் தண்டவாள ஓரத்தில் பறிக்கிறார்கள். இதை எழுதுபவர் ரயில்வேயில் சம்பளம் வாங்குகிறவர், ஆகையால் தெரிந்தே சொல்கிறோம்: வேண்டாம் அம்மா. பாதையில் புல் மண்டாமலிருக்கக் களைக்கொல்லி தெளிப்பது உண்டு. தெளித்த மறுநாள் இலை பச்சையாகத்தான் இருக்கும், பார்த்தால் தெரியாது. ரயில் மோதும் அபாயம் வேறு. விருஷபாவதிக் கரையிலும் ராஜகால்வாய் ஓரத்திலும் கீரை கொழுகொழுவென்று வளர்ந்திருக்கும். பொன்னாங்கண்ணிக்குச் சாக்கடை என்றும் நல்ல தண்ணீர் என்றும் பேதம் தெரியாது. தொழிற்சாலைக் கழிவிலுள்ள ஈயத்தையும் காட்மியத்தையும் இலை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். எத்தனை முறை கழுவினாலும், எவ்வளவு கொதித்தாலும் அது போகாது. 2015-லும் 2017-லும் பெல்லந்தூர் ஏரி தீப்பற்றி எரிந்ததைப் பார்த்தோமே, அந்தத் தண்ணீரில் வளரும் இலையை நினைத்துப்பாருங்கள்.

ஆக, அழுக்கு ஏரியில் பறிக்க யாரும் தடுப்பதில்லை. சுத்தம் செய்த ஏரியில் பறிக்க அனுமதியில்லை. ஏழையின் தட்டில் விஷம் விழுவது இந்த வழியாகத்தான்.

இதற்குப் பரிகாரம் செய்ய கோடிக்கணக்கான ரூபாய் வேண்டாம். சீரமைத்த ஏரிகளில், நடைபாதைக்கு அப்பால், நீரோரம் ஒரு பகுதியைக் கீரைக்கும் மூலிகைக்கும் ஒதுக்கலாம். வாரத்தில் இரண்டு நாள் காலையில், பறிக்க வரும் பெண்களுக்குக் கதவைத் திறந்துவிடலாம். அங்கே வளர்வது உண்ணத் தகுந்ததா என்று ஆண்டுக்கு ஒருமுறை இலையைச் சோதித்து, முடிவைக் கேட்டிலேயே கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் உருதுவிலும் எழுதிப்போடலாம். அலங்காரப் புல்லுக்குக் கொட்டும் தண்ணீரும் மிச்சமாகும்.

சட்டமும் இதற்கு இடம் தருகிறது. 2002-ம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பும் ஒரு குழு அமைத்து, தன் எல்லைக்குள் உள்ள செடிகொடிகளையும் அவற்றைப்பற்றி மக்களுக்குத் தெரிந்ததையும் பதிவேட்டில் எழுதவேண்டும். காடும் கிராமமும் மட்டுமல்ல, நகரமும் இதில் அடங்கும். அந்தப் பதிவேட்டுக்காக ஸ்ரீராம்புரத்துக் கூடைக்கார அம்மாளை யாராவது கேட்டார்களா? கேட்டதாக நாம் அறியவில்லை.

எழுதிவைத்தால் பயன் உண்டு என்பதற்கு அகத்தியமலையின் காணி மக்களே சாட்சி. 1987-ல் மலையேறிய விஞ்ஞானிகளுக்கு வழிகாட்டிச் சென்ற காணிகள் களைப்பே இல்லாமல் நடந்தார்கள். அவர்கள் மென்றது ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் காய். அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தைத் தயாரித்து, 1995-ல் கோயமுத்தூர் நிறுவனம் ஒன்றுக்கு உரிமம் கொடுத்தபோது, வந்த தொகையில் பாதி காணிகளுக்கு என்று முடிவாயிற்று. அந்த ஏற்பாட்டிலும் பிற்பாடு குறைகள் வந்தன என்பது வேறு கதை. சொல்லிக்கொடுத்தவருக்குப் பங்கு உண்டு என்பது அப்போது ஒப்புக்கொள்ளப்பட்டது.

நம் தமிழ்ச் சங்கங்களும் மன்றங்களும் பொங்கலுக்கும் ஆண்டு விழாவுக்கும் மேடை போடுகின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேடையில்லாமல், அறுபதைத் தாண்டிய பத்துப் பெண்களை உட்காரவைத்து அவர்களுக்குத் தெரிந்த இலைகளின் பெயரை ஒரு நோட்டில் எழுதினால் என்ன? தமிழ்ப் பெயர், கன்னடப் பெயர், சமைக்கும் விதம், யாருக்கு ஆகாது என்ற நான்கு கட்டம் போதும். அந்த நோட்டின் ஒரு பிரதியை வார்டு ஆபீசில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்ளவேண்டும். ஏரிக்கரையில் இடம் கேட்டு மனு எழுதும்போது அதை இணைப்பாக வைக்கலாம்.

ஜூன் மழை தொடங்குவதற்குள் இதைச் செய்தால் நல்லது. மணத்தக்காளி யாருக்காகவும் காத்திராமல் முளைத்துவிடும்.