நடுக்கத்துக்கும் காசா?

"நல்ல படப்பிடிப்பாளனுக்குக் கை நடுங்காது" எண்டு சொல்லுறவையிட்ட நாங்கள் கேக்கிறம்: மூச்சு விடுற மனுசருக்குக் கை ஆடாமல் இருக்குமா?

சென்சாரையே நகர்த்தி அந்த ஆட்டத்தை ஈடுசெய்யும் தொழில்நுட்பத்தை மினோல்டா 2003இலேயே கமராவுக்குள் வைத்துவிட்டது. கெனானும் நிக்கொனுமோ லென்ஸுக்குள் வைப்பதே மேல் என்றன. தூரத்தை இழுக்கும் பெரிய லென்ஸ்களுக்கு அது சரியான வாதம்தான். ஆனால் அதன் பெயரில் ஒவ்வொரு லென்ஸுக்கும் தனித்தனியாகக் காசு வாங்கினார்கள். நிக்கொன் 2018இலும் கெனான் 2020இலும்தான் இறங்கிவந்தன.

வந்தும் என்ன? கெனான் ஆர்50, நிக்கொன் இசட்50, சோனி ஏ6400 மூன்றிலும் அது இல்லை. விலை கூடின கமராவுக்குத்தான் அந்தச் சலுகை. பழைய 50 மி.மீ. லென்ஸை அடப்டர் போட்டு மாட்டுறது ஆர்? திருவிழாச் சனத்துக்குள்ள ஸ்டாண்ட் விரிக்க இடமில்லாமல் நிக்கிறது ஆர்? நாங்கள்தானே!

"மலிவுக் கமராவில ஏலாது" எண்டு சொல்லாதேங்கோ. அதே அளவு சென்சாரோடு பென்டக்ஸ் தன் மலிவான கே100டியில் 2006இலேயே செய்து காட்டியது.

இது மந்திரமில்லை. ஆடுற காவடியை நிப்பாட்டாது. அதுக்கு ஷட்டர் வேகம் வேணும். ஆனால் அசையாத கோபுரத்தை 1/8 செக்கனில், ஐஎஸ்ஓவை ஏத்தாமல், கையில் பிடித்தே எடுக்கலாம்.

கமரா வாங்கப்போறவை மெகாபிக்சலைப் பிறகு பாருங்கோ. இது உள்ளுக்கு இருக்கா எண்டு முதல்ல கேளுங்கோ. இல்லையெண்டால், ஏன் இல்லையெண்டும் கேளுங்கோ.