நாற்பது மடங்கு சத்தாமே!

பெரிய கடைகளில் சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் விரல் நீளக் கீரைக் குருத்தை ‘மைக்ரோகிரீன்ஸ்’ என்று விற்கிறார்களே, பார்த்திருப்பீர்கள். விலையைப் பார்த்துவிட்டு ஓசைப்படாமல் திரும்பவும் வைத்திருப்பீர்கள். நல்ல காரியம் செய்தீர்கள்! அந்தச் சரக்கு உங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கிறது.

இரண்டு ஸ்பூன் வெந்தயத்தை ராத்திரி ஊறப் போடுங்கள். அடியில் ஓட்டை போட்ட பழைய டப்பாவில் இரண்டு அங்குலத்துக்கு மண்ணோ, தேங்காய் நார்த்தூளோ நிரப்பி, நெருக்கமாகத் தூவுங்கள். முளைவிடும்வரை ஒரு தட்டால் மூடி வையுங்கள். அப்புறம் ஜன்னலோரம். தண்ணீரைத் தெளித்தால் போதும், கொட்ட வேண்டாம், அழுகிவிடும். பத்துப் பன்னிரண்டு நாளில், மண்ணுக்கு மேலே கத்தரிக்கோலால் நறுக்கி அலசிக்கொள்ளலாம். உடைக்காத காய்ந்த பட்டாணி என்றால் இரண்டு வாரமாவது பிடிக்கும். அதை அடிக்கணுவை விட்டு நறுக்கினால் இன்னொரு தடவை துளிர்க்கும். முளைப்பாரி வளர்த்த ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் நான் சொல்லித் தரணுமா என்ன?

வளருங்கள், சாப்பிடுங்கள். ஆனால் ‘நாற்பது மடங்கு சத்து’ என்கிறார்களே, அதில்தான் எனக்கு வருத்தம். 2012-ல் அமெரிக்காவில் 25 வகைக் குருத்துகளை ஆராய்ந்ததில் கிளம்பிய பேச்சு அது. சில வகைகளில் சில வைட்டமின்கள் முதிர்ந்த இலையைவிடப் பல மடங்கு இருந்தது நிஜம்தான். எல்லா வகையிலும், எல்லாச் சத்தும் அல்ல. அதோடு, நாம் தூவுவது ஒரு சிட்டிகை. முருங்கைக்கீரைப் பொரியல் சாப்பிடுவதோ ஒரு கரண்டி. ரத்தசோகை உள்ள பெண்ணுக்குத் தோசை மேல் நாலு குருத்தைத் தூவிவிட்டு, டாக்டர் தந்த இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

பச்சையாகச் சாப்பிடுவதிலும் கவனம் தேவை. 2011-ல் ஜெர்மனியில் வெந்தய முளையிலிருந்து பரவிய கிருமியால் ஐம்பது பேருக்கு மேல் இறந்தார்கள். முளையை வேரோடு தின்கிறோம். குருத்தை நறுக்கி எடுக்கிறோம். அதனால் ஆபத்து குறைவு, அவ்வளவுதான். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், வயதானவர்களுக்குப் பருப்போடு வேகவைத்தே கொடுங்கள்.

விதைக்கடையில் சாயம் பூசித் தரும் விதை வேண்டாம். அது மருந்து கலந்தது. நவதானியமும் போடலாமே என்று சோளத்தையும் சேர்த்துவிடாதீர்கள். இளஞ்சோளப் பயிரில் சயனைடு விஷம் உண்டு. மாடு மேய்ந்தாலே செத்துப்போகும் என்று கிராமத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.